பவளச் சுவர் முன்னால் சும்மா நிற்பது எப்படி? கரீபியன் ஸ்கூபா டைவிங்: முழுமையான வழிகாட்டி

கரீபியனில் டைவ் போகலாம் என்றிருக்கிறேன், எந்தத் தீவுக்குப் போகட்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதலில் பொனேர், அப்புறம் லிட்டில் கேமன். வரிசையை மாற்றாதீர்கள். பொனேரில் பவளப்பாறை கரையிலிருந்து சரிவாக இறங்குகிறது. பயமாக இருந்தால் திரும்பி நீந்தி, நடந்தே கரையேறிவிடலாம். லிட்டில் கேமனில் இருப்பது சுவர். சுமார் 6 மீட்டர் ஆழத்தில் விளிம்பு, அதைத் தாண்டினால் ஆயிரம் அடிக்கும் கீழே போகிற செங்குத்து. காலுக்குக் கீழே தரை கிடையாது, வெறும் நீலம். அந்த நீலத்தின் மேல் ஏறாமல் இறங்காமல் சும்மா நிற்கத் தெரிய வேண்டும். டைவிங்கில் மற்றதெல்லாம் நாலு நாளில் வந்துவிடும், இந்தச் சும்மா நிற்கிற வித்தைக்குத்தான் கொஞ்சம் நாளாகும்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் ஓபன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்று எந்த அமைப்பில் எடுத்தாலும் சரி, 18 மீட்டர் வரை போக அனுமதி. 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பாடத்தையும் நீச்சல் குளப் பயிற்சியையும் உங்கள் ஊரிலேயே முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய 4 டைவை மட்டும் தீவில் போய்ச் செய்கிற ஏற்பாடு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். விடுமுறையின் முதல் இரண்டு நாளை வகுப்பறையில் தொலைப்பது கொடுமை.

சுவருக்குப் போவதற்கு முன் அடுத்த நிலையான அட்வான்ஸ்டும் எடுத்துவிடுவது நல்லது, அதில் 30 மீட்டர் வரை போகலாம். கூடவே நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்றுக்கான வகுப்பு, அரை நாள் வேலை. சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், நைட்ராக்ஸில் பெரும்பாலும் 32. உடம்பில் சேரும் நைட்ரஜன் குறைவு என்பதால் ஒரே ஆழத்தில் அதிக நேரம் இருக்கலாம். ஆனால் 32 சதவீதக் கலவையோடு 34 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, அங்கே அந்த ஆக்சிஜனே விஷமாகத் தொடங்கும். நைட்ராக்ஸ் இருக்கிறது, ஆழமாகப் போகலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், விஷயம் நேர் எதிர்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அழுத்தத்தைச் சரிசெய்வதை, வலி வந்த பிறகு செய்யாதீர்கள். வலிக்கும் முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யுங்கள். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை, அவ்வளவுதான். ஆஸ்துமா, இதய நோய் போன்றவை இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

காப்பீடு கட்டாயம் எடுங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், சுருக்கமாக டான், இதற்கென்றே இருக்கிறது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாகிவிட்டால் அழுத்த அறையில் வைத்துத்தான் சிகிச்சை. லிட்டில் கேமனில் மாட்டிக்கொண்டால் கிராண்ட் கேமனுக்கு விமானத்தில் தூக்கிப்போக வேண்டியிருக்கும், அந்தச் செலவைக் கையிலிருந்து கட்ட யாராலும் ஆகாது.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கவனிக்க: பொனேர் நெதர்லாந்தின் பகுதிதான், ஆனால் ஷெங்கனுக்குள் வராது; விசா விதி தனி. கேமன் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி, அதற்கும் தனி விதி. டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுங்கள்.

எப்போது போவது

அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பொனேர் தெற்கே, வெனிசுவேலாவுக்கு அருகில் இருப்பதால் வழக்கமான புயல் பாதைக்கு வெளியே இருக்கிறது. அதனால் வருடம் முழுக்கப் போகலாம். 1999 நவம்பரில் லென்னி என்ற புயல் மேற்கிலிருந்து கிழக்கே தலைகீழாக வந்து, எப்போதும் அமைதியாக இருக்கும் மேற்குக் கரையின் ஆழமில்லாப் பவளங்களை உடைத்துப்போட்டது, அது அபூர்வம். கேமனுக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வேண்டாம். குளிர்காலத்திலும் அங்கே வடமேற்குக் காற்று வந்தால், வடக்குக் கரையில் இருக்கிற சுவர் பக்கம் படகு போகாது, தெற்குப் பக்கம் கூட்டிப்போவார்கள். ஆகவே 3 நாள் போதும் என்று திட்டம் போடாதீர்கள், ஒரு வாரம் வையுங்கள்.

பொனேர்: லாரி எடு, கல்லைப் பார், இறங்கு

பொனேர் மாதிரி ஓர் இடம் டைவர்களுக்கு வேறு கிடையாது. படகு வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், மணிக்கணக்கு வேண்டாம். ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் நாலு காற்று டேங்கைப் போட்டுக்கொண்டு மேற்குக் கரைச் சாலையில் ஓட்டினால், ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். அதுதான் டைவ் இடம், நிறுத்தி இறங்க வேண்டியதுதான்.

இதெல்லாம் தானாக அமைந்ததில்லை. 1971-லேயே ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பதைத் தடைசெய்தார்கள், 1975-ல் பவளத்தை எடுப்பதைத் தடுத்தார்கள், 1979-ல் கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றி முழுவதையும் கடல் பூங்கா ஆக்கினார்கள். பூங்காவை ஸ்டினாப்பா என்ற அமைப்பு நடத்துகிறது. இயற்கைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, விதிமுறை விளக்கம் கேட்டு, கரையோரம் ஒரு சோதனை டைவ் முடித்த பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போக முடியும். கையுறை போட அனுமதி இல்லை. காரணம் எளிது, கையுறை இருந்தால் கை தானாகவே எதையாவது பிடிக்கும்.

நடைமுறையில் இப்படி. வண்டியில் பணம், போன், பாஸ்போர்ட் எதையும் வைக்காதீர்கள். கண்ணாடியை இறக்கி, கதவைப் பூட்டாமல் விடுவது அங்கே வழக்கம், உடைத்துத் திறக்கிற வேலையாவது திருடனுக்கு மிச்சமாகட்டும் என்று. சாவி பழைய இரும்புச் சாவியா என்று வண்டி எடுக்கும்போதே கேளுங்கள். மின்னணுச் சாவி என்றால் தண்ணீர் புகாத டப்பா வேண்டும், அந்த டப்பாவை நம்பலாமா என்பது வேறு கதை.

கரை கூரான பவளக் கல். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்டீஸ் இல்லாமல் போகாதீர்கள். வண்டிப் பக்கத்திலேயே எல்லாவற்றையும் மாட்டி, வாயில் வைத்து மூச்சு விடுகிற ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுத்து, அழுத்தமானியின் முள் ஆடாமல் நிற்கிறதா பாருங்கள். மூச்சுக்கு மூச்சு முள் ஆடினால் டேங்க் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். ஃபின்ஸை, அதாவது காலில் மாட்டும் துடுப்பை, கையில் பிடித்துக்கொண்டு, துணையின் தோளைப் பற்றி, பாதத்தைத் தேய்த்தாற்போல் நகர்த்தி இடுப்பளவு தண்ணீருக்குப் போங்கள். அப்புறம் பிசிடியில், அதாவது காற்று ஏற்றி இறக்குகிற மிதவைச் சட்டையில், காற்றை ஏற்றி, மிதந்தபடி ஃபின்ஸ் மாட்டுங்கள். தண்ணீரில் இறங்கினதும் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள், விசிறி வடிவப் பவளங்களான கடல் விசிறிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே சொல்லிவிடும். எதிர்த்து நீந்திப் போங்கள், ஒத்துத் திரும்பி வாருங்கள். டேங்கின் அழுத்தத்தைப் பாரில் அளப்பார்கள்; 200 பாரில் தொடங்கினால் 130-ல் திரும்புங்கள். 50 பாரோடு கரையேற வேண்டும்.

மணல் தரை, அதன்மேல் ஆங்காங்கே கடல் விசிறி, பிறகு சுமார் 10 மீட்டரில் சரிவு தொடங்கும். இறங்கிய இடத்துக்கு நேரே ஏதாவது ஒரு கல்லையோ பழைய நங்கூரக் கட்டையையோ மனதில் பதியவைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது எல்லாப் பவளமும் ஒரே மாதிரி இருக்கும்.

முதல் வாரத்துக்கு எந்த இடங்கள்? தெற்கில் உப்புத் துறைமுகத் தூண்கள், கப்பல் நிற்காத நாளில் மட்டும். வடக்கில் '1000 படிகள்', பெயர்தான் ஆயிரம், உண்மையில் நூறுகூட இல்லை, ஆனால் ஈர டேங்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பெயர் வைத்தவர்மேல் கோபம் வராது. அப்புறம் ஹில்மா ஹூக்கர், கஞ்சா கடத்தி மாட்டி, 1984 செப்டம்பரில் மூழ்கிய 72 மீட்டர் சரக்குக் கப்பல். சுமார் 30 மீட்டரில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அட்வான்ஸ்ட் முடித்தவர்களுக்கு மட்டும்.

சும்மா நிற்கப் பழகுவது

பொனேரில் முதல் மூன்று நாளும் மீனைப் பார்க்க மட்டும் செலவழிக்காதீர்கள். ஒவ்வொரு டைவிலும் 10 நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் எடை. பெரும்பாலான புதியவர்கள் தேவையைவிட 2, 3 கிலோ கூடுதல் ஈயத்தைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், அதை ஈடுகட்ட பிசிடியில் காற்றை அடைக்கிறார்கள், அந்தக் காற்று ஆழத்துக்கு ஆழம் சுருங்கி விரிந்து அவர்களை மேலும் கீழும் இழுக்கிறது. டைவ் முடிவில், மேற்பரப்புக்கு வந்த பிறகு, டேங்கில் 50 பார் இருக்கும்போது, பிசிடியைக் காலியாக்கிவிட்டுச் சாதாரணமாக மூச்சைப் பிடியுங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். தொடக்கத்தில் சோதித்தால் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைந்த டேங்கில் உள்ள காற்றுக்கே இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கிறது, டைவ் நடுவில் அது கரைந்துபோகும்.

அடுத்து மணல் தரைக்கு ஒரு மீட்டர் மேலே, கிடைமட்டமாக, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நீரைத் தள்ளாதீர்கள். மூச்சை மட்டும் இழுத்து விடுங்கள். இழுத்தால் கொஞ்சம் எழும்பும், விட்டால் கொஞ்சம் தாழும், நுரையீரல்தான் இங்கே சுக்கான். ஆனால் மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது, ஏறும்போது அடக்கினால் நுரையீரல் கிழியும். நீந்தும்போது தவளை மாதிரி காலை அகட்டி உதையுங்கள், மேலும் கீழும் அடித்தால் மணல் கிளம்பிப் பவளத்தின்மேல் படியும்.

இது வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? மணலில் தோட்ட ஈல்கள் என்ற மெல்லிய விலாங்குகள் நூற்றுக்கணக்கில் புல் முளைத்த மாதிரி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். யாராவது கைகாலை ஆட்டிக்கொண்டு வந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் வளைக்குள் இறங்கிவிடும். நீங்கள் போய் நின்று, இரண்டு நிமிடத்தில் அவை மறுபடி வெளியே வந்தால் தேறிவிட்டீர்கள்.

சுவர்: ப்ளடி பே

கேமன் தீவுகள் கடலுக்கடியில் இருக்கும் ஒரு மலைத்தொடரின் உச்சிகள். தெற்கே, ஜமைக்காவுக்கு இடையில், கடல் 7,500 மீட்டருக்கும் மேல் ஆழமாகப் போகிறது. லிட்டில் கேமனின் வடக்குக் கரையில் ப்ளடி பே, ஜாக்சன்ஸ் பைட் என்று அடுத்தடுத்து இரண்டு வளைகுடாக்கள். படகுகள் நங்கூரம் போடுவதில்லை, நிலையாகக் கட்டிய மிதவையில் கயிறு கட்டிக்கொள்ளும்.

மிதவையிலிருந்து இறங்கி, ஆழமில்லாத பாறை மேட்டின் மேல் நீந்திப் போகிறீர்கள். திடீரென்று விளிம்பு. எத்தனை மாடியானாலும் எட்டிப் பார்க்கிறவர்களுக்குக்கூட அந்த நொடியில் வயிறு கலங்கும்.

என் முதல் சுவர் டைவில் திட்டம் 80 அடி, அதாவது 24 மீட்டர். ஒரு கடலாமை கடற்பஞ்சைக் கடித்துக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது, கழுத்தை ஆட்டி ஆட்டி இழுக்கிறது, துண்டுகள் பறக்கின்றன, அந்தத் துண்டுகளுக்காகவே ஏஞ்சல் மீன்கள் இரண்டு பக்கத்தில் காத்திருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆமை மெல்லக் கீழே நகர, நானும். டங் டங் என்று வழிகாட்டி டேங்கைத் தட்டுகிற சத்தம் கேட்டு மணிக்கட்டைப் பார்த்தால் 112 அடி. 34 மீட்டர். இறங்கியதே எனக்குத் தெரியவில்லை. என் தப்புதான்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், சரிவில் தரை நெருங்குவது கண்ணுக்குத் தெரியும், சுவரில் தெரியாது. 10 மீட்டரும் 30 மீட்டரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தண்ணீர் அவ்வளவு தெளிவு. அதோடு, கொஞ்சம் இறங்கினாலே வெட்சூட் என்ற ரப்பர் உடையும் பிசிடிக் காற்றும் நசுங்கும், நசுங்கினால் கனம் கூடும், கூடினால் இன்னும் வேகமாக இறங்கும். 30 மீட்டரில் நைட்ரஜன் மயக்கம் வேறு சேர்ந்துகொள்ளும், கள்ளு குடித்தவன் நிதானமாக இருப்பதாக நினைத்துக்கொள்வது போல. 5 மீட்டர் மேலே வந்தால் தெளிந்துவிடும்.

ஆகவே சுவரில் செய்ய வேண்டியவை. சுவரை ஒரு தோள் பக்கம், ஒன்றரைக் கை தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீலத்தைப் பார்த்து நீந்தாதீர்கள். ஐந்தாறு மூச்சுக்கு ஒருமுறை, ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை மணிக்கட்டில் பாருங்கள், ஆழ எச்சரிக்கை ஒலியை முந்தைய நாளே திட்டமிட்ட ஆழத்துக்கு வைத்துவிடுங்கள். எதையாவது நின்று பார்க்கும்போது கண் மட்டத்தில் ஒரு பவளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது மேலே போனால் நீங்கள் இறங்குகிறீர்கள். அப்போது காலை உதைக்காமல் ஒரு மூச்சு இழுத்து, பிசிடியில் கொஞ்சமாகக் காற்று ஏற்றுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் பலூன் மாதிரி மேலே போய்விடுவீர்கள், அது இதைவிட மோசம்.

கணக்கும் தெரிந்திருக்கட்டும். வழக்கமான அலுமினிய டேங்கில் சுமார் 2,200 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 18 லிட்டர் இழுப்பவர் 30 மீட்டரில், நான்கு மடங்கு அழுத்தத்தில், 72 லிட்டர் இழுப்பார். 50 பாரை ஒதுக்கிவிட்டால் கிடைப்பது சுமார் 23 நிமிடம். அதே ஆள் 12 மீட்டரில் 40 நிமிடத்துக்கு மேல் இருக்கலாம். அமெரிக்கர்கள் அதிகம் வருவதால் கேமனில் எல்லாம் அடியிலும் பிஎஸ்ஐயிலும்தான் பேசுவார்கள்: 60 அடி என்றால் 18 மீட்டர், 100 அடி என்றால் 30, 3,000 பிஎஸ்ஐ என்றால் சுமார் 200 பார்.

முதலில் ஆழத்துக்குப் போய்ச் சில நிமிடம் இருந்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் படிப்படியாக ஏறுங்கள், நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல். ப்ளடி பேயின் பெரிய வசதியே விளிம்பு 6 மீட்டரில் இருப்பதுதான். கடைசி 15 நிமிடம் அங்கேயே சுற்றலாம், 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டிய சேஃப்டி ஸ்டாப் வேடிக்கை பார்க்கும்போதே முடிந்துவிடும்.

எதைப் பார்ப்பது

கல் பவள வகைகளை எண்ணினால் இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கம் இருப்பதில் சிறு பங்குதான் கரீபியனில். இங்கே ராஜா கடற்பஞ்சு. சுவரில் ஆள் உள்ளே நிற்கிற அளவு பீப்பாய் வடிவக் கடற்பஞ்சுகள் நீட்டிக்கொண்டிருக்கும். பெரியவற்றுக்கு வயது நூற்றுக்கணக்கான வருடம். படத்துக்காக உள்ளே இறங்குபவர்களைக் கண்டால் தலையில் குட்ட வேண்டும்.

நாசாவ் களவா மீன் லிட்டில் கேமனில் நாய்க்குட்டி மாதிரி டைவ் முழுக்கக் கூடவே வரும். குளிர்கால முழுநிலவையொட்டி அவை தீவின் மேற்கு முனையில் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடும். அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்து அள்ளித் தீர்க்கப் பார்த்தார்கள், தடை வந்த பிறகுதான் மீண்டது.

கடல் விசிறியில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு விரல்நுனி அளவு நத்தை ஒன்று ஒட்டியிருக்கும், ஃபிளமிங்கோ டங் என்று பெயர். அழகு என்று ஓட்டைப் பிய்த்து எடுத்துப் போனவர்களுக்கு வெளியே வந்ததும் வெறும் வெளிறிய ஓடுதான் மிஞ்சியது; அந்தப் புள்ளிகள் ஓட்டில் இல்லை, அதை மூடியிருக்கும் உயிருள்ள தோலில் இருக்கின்றன.

சிங்கமீனைப் பார்த்தால் நம் கடல் மீனாயிற்றே என்று சந்தோஷப்படாதீர்கள். இந்தியப் பெருங்கடல், பசிபிக்கைச் சேர்ந்த அது இங்கே தொட்டியிலிருந்து தப்பி வந்த ஆக்கிரமிப்பாளர், குட்டி மீன்களைத் தின்று தீர்க்கிறது. பயிற்சி எடுத்து அனுமதி பெற்றவர்கள்தான் வேட்டையாடலாம்.

இறந்த பவளத்தையும் பார்ப்பீர்கள். 1983-84-ல் நீண்ட முட்களுள்ள கறுப்புக் கடல் முள்ளெலிகள் கரீபியன் முழுக்க நோயில் செத்தன, பாசியை மேய ஆளில்லாமல் பாறைகள் பாசி மூடின. இப்போது கல் பவளத் திசுச் சிதைவு நோய். 2014-ல் ஃபுளோரிடாவில் தொடங்கி, 2020-ல் கேமனுக்கும் 2023-ல் பொனேருக்கும் வந்துவிட்டது. மூளைப் பவளத்தின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு, அது வாரக்கணக்கில் பரவி எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். ஆகவே ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பிசிடியின் உட்பை உட்பட எல்லாவற்றையும் கிருமிநாசினியில் ஊறவைத்து, அலசி, காயவைத்துக் கொண்டுபோங்கள். டைவ் கடைகளிலேயே அதற்குத் தொட்டி இருக்கும்.

ஒரு ராத்திரி டைவ்

பொனேரில் டார்ச் அடித்துப் போனால் ஓர் ஆள் நீளமுள்ள டார்ப்பன் மீன்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வந்து, உங்கள் வெளிச்சம் விழுகிற சின்ன மீனைக் கவ்விக்கொண்டு போகும். எந்த மீன்மேல் வெளிச்சம் போடுகிறீர்கள் என்று யோசித்துப் போடுங்கள். கிளிமீன் சில, தான் சுரந்த கோழையால் ஆன பைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

முழுநிலவு கழிந்து இரண்டு முதல் ஐந்து நாளுக்குள், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, டார்ச்சை அணைத்துவிட்டு நின்று பாருங்கள். கடுகைவிடப் பெரிதல்லாத ஓட்டுயிர்கள் இணை தேடி மேலே நீந்தும்போது நீலப் புள்ளிகளை வரிசையாக விட்டுப் போகும், முத்துச்சரம் தொங்குவது போல, இங்கொன்று அங்கொன்று, அப்புறம் சுற்றிலும். டார்ச்சை ஆட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது.

மற்ற தீவுகள், சுருக்கமாக

மெக்சிகோவின் கோசுமெல் நீரோட்ட டைவ், சுவர் ஓட நீங்கள் சும்மா வருவீர்கள். படகு பின்தொடர்ந்து வந்து பொறுக்கிக்கொள்ளும், மேலே விடுகிற நீண்ட மிதவைக் குழாயைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். பெலீஸின் நீலப் பெருங்குழி பெயர் பெற்றது, ஆனால் அதன் தொங்கும் சுண்ணாம்புத் தூண்கள் 40 மீட்டர் பக்கம், பொழுதுபோக்கு டைவின் எல்லையில் இருக்கின்றன. பல மணி நேரப் படகுப் பயணம், அடியில் சில நிமிடம், பவளம் குறைவு. என்னைக் கேட்டால் மேலிருந்து விமானத்தில் பார்ப்பதே லாபம்.

திரும்பும் நாள்

தினமும் டைவ் போனவர்கள் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணி நேரமாவது விட வேண்டும், நான் 24 விடுவேன். லிட்டில் கேமனிலிருந்து புறப்படும் குட்டி விமானத்துக்கும் இதே கணக்குதான். கடைசி நாளை உப்புப் பாத்திகளில் நிற்கிற பூநாரைகளைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், பொனேரில் அதற்குக் குறைவில்லை. காலையிலேயே வெட்சூட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டுவிடுங்கள், ஈரத்தோடு பெட்டியில் திணித்தால் விமான நிலையத் தராசு 23 கிலோவைத் தாண்டிவிடும்.